உஸ்தெத் சொன்னதும் வாய் தடுக்கியது ஏன்?

ஸ்பானிஷ் மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் ‘தெலே’ (DELE) தேர்வின் ஏ2 என்ற தொடக்க நிலைக்குப் படித்தபோது என்னைப் பாடாய்ப் படுத்தியது ‘உஸ்தெத்’ என்ற சின்னச் சொல்தான். ‘நீங்கள்’ என்று பொருள். வாய்மொழித் தேர்வில் எதிரே இருப்பவர் கடைக்காரராக நடித்தால் அவரிடம் மரியாதையாகப் பேச இது வேண்டும்.

மாதிரித் தேர்வில் ‘உஸ்தெத் தியேனெஸ்’ என்று திரும்பத் திரும்ப உளறினேன். தியேனெஸ் என்றால் ‘வைத்திருக்கிறாய்’; அது ‘நீ’க்கு உரிய வினை. உஸ்தெத்துக்கு ‘தியேனே’ வரவேண்டும். அது ‘அவர்’, ‘அவள்’ என்பதற்கு வரும் படர்க்கை வினை. முன்னால் நிற்பவருக்கு எதற்குப் படர்க்கை? அட்டவணையை எழுதி எழுதிப் பார்த்தேன். தாளில் வந்தது, வாயில் வரவில்லை.

அப்புறம்தான் சொல்லின் பூர்விகத்தைத் தேடினேன். உஸ்தெத் பிறக்கும்போது ‘புவெஸ்த்ரா மெர்ஸெத்’, அதாவது ‘தங்கள் கருணை’. ‘போஸ்’ என்ற பழைய மரியாதைச் சொல் கண்டவரிடமெல்லாம் புழங்கி மதிப்பிழந்தபோது இந்த அழைப்பு பரவியது. 1605இல் வெளிவந்த ‘தோன் கிஹோத்தே’ (டான் குயிக்ஸாட்) என்ற ஸ்பானிஷ் நாவலில் வேலைக்காரன் சான்சோ தன் எஜமானை இப்படித்தான் அழைக்கிறான். வேகமாகச் சொல்லிச் சொல்லி அது புஸ்தெத் ஆகி, முதல் ஒலியும் உதிர்ந்து உஸ்தெத் ஆனது. போர்ச்சுகீசிய ‘வொஸே’வும் இதே வழியில் தேய்ந்ததுதான். (காதுக்கு ‘உஸ்தாத்’ போல இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். உறவில்லை.)

சரி, ‘தங்கள் கருணை என்ன விரும்புகிறது?’ என்று கேட்டால் வினை படர்க்கையில்தானே நிற்கும்? மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டே ‘மாப்பிள்ளை என்ன சாப்பிடறார்?’ என்று நாம் கேட்பதில்லையா, அதே கதை. இது பிடிபட்டதும் அட்டவணையை மூடிவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மனதுக்குள் ஒரு மாப்பிள்ளையை உட்காரவைத்தேன். ‘உங்கள்’ என்பதற்கு ‘சு’ வருவதும், ‘உங்களுக்கு’ என்பதற்கு ‘லெ’ வருவதும் தானாகவே பின்னால் வந்தன.

எழுத்தில் மதிப்பெண் அள்ளி இதைச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொன்று. இரண்டிலும் தனித்தனியே 50க்கு 30 எடுக்க வேண்டும். பேச்சில் ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டையும் கலக்காமல் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வன்று கடைக்காரராக நடித்தவரிடம் ஒரே ஒரு முறைதான் ‘தியேனெஸ்’ என்றேன். உடனே ‘தியேனே’ என்று திருத்திக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டுச் சட்டையின் விலையைச் சொன்னார்.