சும்மா வந்த பிளானுக்கு ஐந்து மாதம்

எங்கள் சனசமூக நிலையத்துக்கு மேலே வாசிகசாலை, கீழே முன்பள்ளி என்று இரண்டு மாடி கட்டப் போகிறோம். கட்டடக் கலைஞரோடு ஒப்பந்தம் எழுதியது போன கிழமைதான். அதற்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதத்தைச் சும்மா கிடைத்த ஒரு பிளான் தின்றுவிட்டது.

காசில் பாதிக்கு மேல் கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் தந்தது. அவர்களில் ஒருவரின் மருமகன் அங்கே கட்டடக் கலைஞர். "அவன் சும்மா கீறித் தருவான், ஏன் காசைக் கரைக்கிறீங்கள்?" என்று அவர் கேட்டபோது நிர்வாகசபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான். படம் வந்தது, அழகென்றால் அழகு. மேற்குப் பார்த்த முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்னேரம் நாலு மணிக்குப் பேப்பர் பார்க்க வருகிற கிழவர்கள் அவிந்துபோவார்கள்.

அதையாவது திருத்தியிருக்கலாம். கோப்போடு உள்ளூராட்சி அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்தேன். முதல் நாள் பார்க்கிற உத்தியோகத்தர் கூட்டத்தில். அடுத்த தரம் லீவு. மூன்றாம் நாள் முதல் தாளைத் திருப்பிவிட்டு, "இஞ்ச பதிவுள்ள ஆளின்ர கையெழுத்து இல்லையே" என்றார். பிறகு விறாந்தைக்குக் குறுக்கே பேனையால் ஒரு கோடு இழுத்து, "இவ்வளவும் வீதிக்கோட்டுக்குள்ள வருது" என்றார். வீதியை அகலிக்க ஒதுக்கிய எல்லை அது, அதற்குள் கட்ட விடமாட்டார்கள். அவரில் பிழையில்லை. இதை முதல் நாளே வாசலில் இருந்த பிள்ளை சொல்லியிருந்தால் இரண்டு பயணம் மிஞ்சியிருக்கும் என்றுதான் எரிச்சல்.

ஆகவே யாரோடும் கதைக்கத் தொடங்கும் முன் காணி உறுதி, புதிய நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் மூன்றையும் கையில் எடுத்து வையுங்கள். எங்கள் உறுதியில் 4 பரப்பு. அளந்தால் 3 பரப்பும் 11 குழியும் (18 குழி ஒரு பரப்பு). மிச்சம் 7 குழியைப் பக்கத்து வளவு வேலியைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு மூன்று பேரைக் கூப்பிட்டோம். கட்டடக் கலைஞர் பதிவுச் சபையின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படம் கீறுகிறவர்களில் நல்ல வேலைகாரர் இருக்கிறார்கள்தான், ஆனால் எங்களிடம் வந்த ஒருவர் தன்னை ஆர்க்கிரெக்ற் என்றே சொன்னார்.

முதலாமவர் லப்டொப்பில் கல்யாண மண்டபங்களைக் காட்டி, கட்டடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்டார். "அப்ப செலவு கூடினால் உங்களுக்கும் கூடுமோ?" என்றார் எங்கள் பொருளாளர். அதோடு அந்தக் கதை முடிந்தது. இரண்டாமவர் வளவுக்கே வரவில்லை. வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண். ஸ்கூட்டியை நிறுத்தியதும், "மாரியில வெள்ளம் எதுமட்டும் நிக்கும், ஐயா?" என்று கேட்டார். காவலுக்கு இருக்கும் ஐயா பழைய சுவரில் மூன்றாவது கல்லைத் தொட்டுக் காட்ட, ரேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார். பிறகு கிணற்றிலிருந்து நாங்கள் மலசலகூடக் குழிக்கு வைத்திருந்த இடத்துக்கு நடந்து போனார். "கீழ சுண்ணாம்புக்கல். இந்தக் குழித் தண்ணி உங்கட கிணத்துக்குத்தான் வரும். மற்ற மூலைக்குக் கொண்டுபோவம்."

அவர் கேட்ட தொகை குறைவில்லை. தர்ம காரியம்தானே என்று ஒருவர் இழுத்தபோது, "சும்மா செய்தால் பிழை விட்டாலும் நீங்கள் என்னைப் பேச ஏலாது" என்றார். மொத்தமாக ஒரு தொகை, கட்டம் கட்டமாகக் கொடுப்பது, கட்டும்போது மாதத்துக்கு எத்தனை தரம் வந்து பார்ப்பார் என்பது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினோம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஏன் இவரைத் தெரிவுசெய்தோம் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், காசு தந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

கேட்டார்கள். சும்மா தந்ததை விட்டிட்டுக் காசு குடுக்கிறீங்களோ என்று கனடாவிலிருந்து குரல்பதிவு வந்தது. விறாந்தைக்குக் குறுக்கே பேனைக் கோடு விழுந்த அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்து நாலு நாள். இன்னும் பதில் இல்லை.