முடியும் கொட்டியது

மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் பெத்தாலஜியும் ஃபார்மகாலஜியும் சேர்ந்து நெருக்கியபோது முதலில் மக்கர் செய்தது வயிறு. விடுதியில் இரவெல்லாம் கட்டன்சாயா, காலையில் வெறும் வயிற்றோடு வார்டு. நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? அப்புறம் கழுத்துப் பிடிப்பு, விடாத தலைவலி.

பரீட்சையெல்லாம் முடிந்து தக்கலையில் வீட்டிலிருந்தபோதுதான் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. “நாகர்கோவில் தண்ணி உனக்குப் பிடிக்கல்ல மக்கா” என்றாள் அம்மா. தண்ணீர் பாவம். கடும் மன அழுத்தத்தில் முடிவேர்கள் பல ஒன்றாக ஓய்வுநிலைக்குப் போய்விடும். உதிர்வது 2, 3 மாதம் கழித்துத்தான். இதற்குப் பெயர் டெலோஜன் எஃப்ளூவியம். பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது நீடித்த அழுத்தத்தில் ஆள் ஓய்ந்துபோவதை, வேலை சார்ந்த நிகழ்வாக மட்டுமே வகைப்படுத்தியது. சம்பளமில்லாத மாணவர்கள் நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை! இப்போதெல்லாம் புட்டும் பயறும் தின்றுவிட்டுத்தான் வார்டுக்குப் போகிறேன்.