வளைவு மட்டும் போதாது, காற்று வேண்டும்

லங்காவியில் கட்டியிருந்த எங்கள் பாய்மரப் படகுக்கு மறுநாள் காலையில் திரும்பியபோது, கழிவறைக் கோப்பை கடல்நீரால் நிரம்பி வழிந்து, கேபின் தரைப்பலகைகளுக்கு அடியிலும் நீர் ஏறியிருந்தது. படகின் அடிப்பாகத்தில் விரிசல் இல்லை. எந்தக் குழாயும் கழன்றிருக்கவில்லை. கோப்பைக்குக் கடல்நீர் எடுக்கும் வால்வு மட்டும் திறந்தே கிடந்தது.

கோப்பையின் விளிம்பு வெளியே உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே இருந்ததால்தான் குழாயை உயரத் தூக்கி வளைத்திருந்தோம். ஆனால் நீர் நிரம்பிய குழாயில், வளைவு ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரை இருந்தாலும் சைஃபன் ஓட்டம், அதாவது மேட்டைத் தாண்டித் தாழ்ந்த பக்கத்துக்கு நீர் தானாக இழுபடுவது, நிற்காது. உச்சியில் காற்று புகுந்தால்தான் அது அறுபடும். 19 மி.மீ. குழாயில் 30 செ.மீ. மட்ட வேறுபாடு இருந்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாதபோது, நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் வரும். கோப்பைக்கு நீர் இறைக்கும் தேய்ந்த பம்பின் இடுக்கு வழியே அதில் சிறு பங்குதான் வந்திருக்கும். ஓர் இரவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எனவே வளைவின் உச்சியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சிறு வால்வைப் பொருத்தினோம். அதைக் கடல்வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் வைத்தால் பம்பு நீருக்குப் பதில் காற்றையே இழுக்கும். பம்புக்கும் கோப்பைக்கும் இடையில்தான் வைக்க வேண்டும். படகு சாயும்போதும் வளைவு நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும் என்பதால், அதைப் படகின் நடுக்கோட்டுக்கு அருகில் அமைப்பது நல்லது.

இன்ஜினில் இதன் விளைவு இன்னும் கொடியது. குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாயில் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ சற்றே மேலேயோ இருந்தால், இன்ஜின் நின்ற பிறகும் நீர் மெல்ல வந்து புகைச் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரை நிரப்பி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் அந்தக் குழாயிலும் இதே போன்ற வளைவும் காற்று வழியும் வேண்டும்.

காற்று வால்வில் உப்புப் படிவது உறுதி. இன்ஜின் குழாயில் உள்ளது திறந்தபடி இறுகினால் இன்ஜின் மேல் உப்புநீர் தெறிப்பதால் உடனே தெரிந்துவிடும். மூடியபடி இறுகினால் எந்த அறிகுறியும் இராது. சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழிவறை வால்வை மாதம் ஒருமுறை கழற்றி நன்னீரில் கழுவுகிறேன். இன்ஜினுக்கு அந்த வால்வே வேண்டாமென்று, வளைவின் உச்சியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை நீர்மட்டத்துக்கு மேலே படகுக்கு வெளியே விட்டிருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது அதிலிருந்து நீர் சிறு தாரையாக விழுந்தால் காற்று வழி அடைபடவில்லை என்று பொருள்.