சைக்கிள் டியூப் கட்டிய ரோபோ

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக, ஆலையில் வேலை இல்லாத சனிக்கிழமைகளில் பக்கத்து இடைநிலைப்பள்ளி ரோபோட்டிக் கழகத்துக்குப் போகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருபவர்கள். சனிக்கிழமை பள்ளிப் பேருந்து கிடையாது, அதனால் அப்பாவுக்கு ஓய்வு இருந்தால்தான் மோட்டார் சைக்கிளில் வர முடியும். கழகத்துக்கு இன்னொரு கிட் வாங்கித் தரட்டுமா என்று யாராவது கேட்டால், முதலில் ஒரு வேனுக்கு வழி பண்ணுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் ரோபோ ஒன்றைச் செய்தோம். அடியில் இருக்கும் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடிக்கும்; வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். ரோபோவுக்கு மூளை மாதிரி இருக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கிறது, எங்கள் சென்சாரில் வெள்ளைக்குச் சின்ன எண், கறுப்புக்குப் பெரிய எண். நடுவில் 500 என்று ஒரு வரம்பு வைத்தேன். வைத்தது நான், புரோகிராம் எழுதியதும் நான், நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டி நடந்த மண்டபத்தில் பெரிய ஜன்னல்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. வெயில் விழுந்த இடத்தில் கறுப்புக் கோடும் வெள்ளை மாதிரியே எண் காட்ட, ரோபோ கோட்டை விட்டு மேசைக் கால் பக்கம் ஓடியது. களத்துக்குள் வழிகாட்டிகளை விடமாட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூன்று பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஆனால் அது எந்த வரியில் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பார்வை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மறு வருடம் நான் கீபோர்டைத் தொடவே இல்லை. ஒரு மாதம் வெறும் அளவெடுப்புதான். காலையில் ஜன்னல் ஓரம், மதியம் நடு அறை, விளக்கை அணைத்து ஒரு தடவை, எல்லாம் ஒரு நோட்டில் ஏறியது. சலிப்பான வேலைதான், இரண்டு பேர் நின்றுகூட விட்டார்கள். ஆனால் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த படிவம் இரண்டு மாணவி ஒருத்தி, “அண்ணே, வெயில் உள்ள வராம மறைச்சுட்டா என்ன?” என்று கேட்டாள். அடுத்த வாரம் அவள் தாத்தாவின் பழைய சைக்கிள் டியூப் வந்தது. அதை வெட்டி, சென்சாரைச் சுற்றித் தரையை உரசும் அளவுக்குப் பாவாடை மாதிரி கட்டினாள். அந்த ரப்பரில் கரித்தூள் கலந்திருப்பதால் அகச்சிவப்பு ஊடுருவாது. அது நான் அப்புறம் சொன்ன விளக்கம், கட்டும்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் டியூப் வழியாக வெளிச்சம் தெரியாது என்பதுதான். இன்னொரு பையன் 500-ஐயே தூக்கிவிட்டான். ஓடுவதற்கு முன்னால் ரோபோ இடம் வலமாக ஐந்து விநாடி ஆடி, தான் பார்த்த பெரிய எண்ணையும் சின்ன எண்ணையும் வைத்து வரம்பைத் தானே போட்டுக்கொள்ளும்.

அந்த வருடமும் பரிசு இல்லை. ரோபோ கோட்டின் கடைசி வரை போனது. நடுவர் டியூப்பைக் காட்டிக் கேட்டபோது அவள் மலாயில் சளைக்காமல் விளக்கினாள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை புதுத் தொல்லை. மோட்டார் சுற்ற ஆரம்பித்த உடனே ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. காரணம் எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மல்டிமீட்டரை மேசையில் வைத்துவிட்டு டீச்சரோடு தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெண்பலகையில், ‘மோட்டார் நிற்கும்போது 7 வோல்ட்டுக்கு மேல், கிளம்பும்போது 4-க்கும் கீழே’ என்று எழுதி, பேட்டரி என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள்.