மாட்டைக் கொன்றே ஆக வேண்டுமென்றால், வலியில்லாமல்

கோமாரி பரவிய பண்ணையில் மாடுகளைக் கொல்லும்போது அவசரம்தான் முதல் எதிரி. குண்டுக்குப் பதிலாக ‘போல்ட்’ என்ற இரும்புத் தண்டு பாய்ந்து மண்டையைத் துளைத்துவிட்டுத் திரும்பும் கருவிதான் கேப்டிவ் போல்ட் துப்பாக்கி. அதைக் கண்களுக்கு நடுவே வைப்பது பரவலான தவறு. சரியான இடம் அதற்கும் மேலே. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிவரை கோடு இழுத்தால் இரண்டும் வெட்டும் புள்ளியில், நெற்றியோடு அழுத்தி, நெற்றிக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும்.

மாடு அந்த நொடியே சரிய வேண்டும். சீரான மூச்சு இருக்கக் கூடாது. கருவிழியைத் தொட்டு இமை அசைந்தால், தாமதிக்காமல் மறுபடி சுட வேண்டும். இதைச் சோதிக்காமல் அடுத்த மாட்டுக்குப் போவது கொடுமை.

போல்ட் மாட்டை மயக்க மட்டுமே செய்து, உயிர் போகாமலும் இருக்கலாம். ரத்தத்தை வடித்துக் கொன்றால் கிருமி பரவும். அதனால் போல்ட் போட்ட துளைவழியே கம்பியைச் செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் சிதைக்கிறார்கள். அப்போது கால்கள் பலமாக உதைக்கும், முதுகுப் பக்கமாக நில்லுங்கள்.

தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி சூடேறி போல்ட்டின் வேகம் குறையும். மாற்றுத் துப்பாக்கி கைவசம் இருக்கட்டும். போல்ட்டைத் தள்ளும் வெடிமருந்துத் தோட்டாக்கள் ஈரம் படாமல் இருக்கட்டும்.