அடியில் படிந்த மஞ்சள்

மார்ச் 3

குர்குமினை (மஞ்சளின் நிறப்பொருள், இங்கே அதுதான் மருந்து) பாலிமர் நுண்துகளுக்குள் அடைக்கும் வேலை. பிஎல்ஜிஏ (உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) புட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு திறக்கக் கூடாது. மைனஸ் 20-ல் இருந்தது. அறை வெப்பத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது விடணும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் பொடியில் இறங்கி, எஸ்டர் பிணைப்புகள் புட்டிக்குள்ளேயே அறுபட ஆரம்பிக்கும்.

அதற்குள் பிவிஏ (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும், நீரில் கரையும் பாலிமர்) கரைசல், 1 சதவீதம். பச்சைத் தண்ணீரில் தூவி நனையவிட்ட பிறகே 80 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். சுடுநீரில் நேராகக் கொட்டினால் மேல்தோல் பிசினாகி நடுவில் கரையாத கட்டி நிற்கும்.

மார்ச் 4

பிஎல்ஜிஏ (50:50) 50 மி.கி., குர்குமின் 5 மி.கி., அசிட்டோன் 5 மி.லி. எதிரே 20 மி.லி. பிவிஏ கரைசல், 600 ஆர்பிஎம். சிரிஞ்ச் பம்பில் நிமிடத்துக்கு அரை மி.லி. ஊசி முனை நீருக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலிருந்து சொட்டினால் விழுந்த இடத்திலேயே பாலிமர் திரண்டு காந்தக் கட்டையில் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

1989-ல் ஃபெசி குழு வெளியிட்ட முறை. ஒலியால் உடைக்கும் சோனிகேட்டர் வேண்டாம், டைகுளோரோமீத்தேன் கரைப்பான் வேண்டாம். அசிட்டோன் நொடியில் நீரோடு கலந்துவிடுகிறது, கரைய இடமில்லாத பாலிமர் நுண்துகளாக வீழ்படிகிறது. அவ்வளவு அழகு.

ஃபாயில் சுற்றி, வாய் திறந்தபடி இரவு முழுக்க ஃபியூம் ஹுட்டில் கிளறட்டும்.

மார்ச் 5

டிஎல்எஸ் (லேசர் ஒளிச்சிதறலால் துகள் அளவு பார்ப்பது): 168 நா.மீ., பிடிஐ (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற எண், குறைந்தால் நல்லது) 0.11.

குடுவையின் அடியில் மெல்லிய மஞ்சள் வளையம்.

மார்ச் 6

சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகள்களை அடியில் இறக்கியாயிற்று. மேல்நீரில் மருந்து 8 சதவீதம்தான். அப்படியானால் 92 சதவீதம் துகளுக்குள் போய்விட்டது என்று எழுதிவிடலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுவது. குர்குமின் நீரில் கரையவே கரையாது. துகளுக்குள் போகாதது மேல்நீரில் தங்காமல் படிகமாகி, சென்ட்ரிஃபியூஜில் துகள்களோடு சேர்ந்தே அடியில் உட்காரும். கழித்துப் பார்க்கிற கணக்கில் அதுவும் "உள்ளே" என்றாகிவிடும். டிஎல்எஸ்ஸும் காட்டிக்கொடுக்காது, மைக்ரான் அளவுப் படிகங்கள் குவெட்டின் (மாதிரி ஊற்றும் சிறு குப்பி) அடிக்கு இறங்கிவிடும், லேசர் பாதையில் அவை இல்லை.

ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குறுக்கு போலராய்டில் (செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே) பார்த்தால் போதும். துகள்கள் தெரியாது. படிகங்கள் ஊசி ஊசியாக மின்னும்.

மின்னின.

மார்ச் 7

இரண்டு கட்டமாகச் சுழற்றல். முதலில் 1,000 ஜி (புவியீர்ப்பைப் போல் ஆயிரம் மடங்கு), 5 நிமிடம். அடியில் இறங்கிய மஞ்சள் தனியே. மேலே நிற்கும் பாலை மட்டும் 15,000 ஜி, 30 நிமிடம், 4 டிகிரி. இரண்டு படிவையும் தனித்தனியே அசிட்டோநைட்ரைலில் கரைத்து 425 நா.மீ.-ல் அளவு. உண்மையில் உள்ளே இருப்பது 61 சதவீதம்.

92 எங்கே, 61 எங்கே. அடுத்த தொகுதிக்கு மருந்து 2.5 மி.கி. போதும்.

மார்ச் 8

15,000 ஜி-க்கு மேல் வேகம் ஏற்ற வேண்டாம். பெல்லெட் (அடியில் படிந்த துகள்) கல்லாகிறது, திரும்பக் கலைவதில்லை.

மார்ச் 10

2.5 மி.கி. தொகுதி. ஸ்லைடில் மின்னல் இல்லை. மூன்று சொட்டு பார்த்தாயிற்று. இல்லை!

உறைய வைத்து உலர்த்த டிரெஹலோஸ் என்ற சர்க்கரை 5 சதவீதம். சர்க்கரை போடாத குப்பியிலும் கேக் பார்க்க நன்றாகத்தான் வரும். தண்ணீர் விட்டால்தான் வண்டவாளம் தெரியும். பனிப்படிகம் வளர வளர துகள்களை ஒரே மூலைக்கு நெருக்குகிறது, ஒட்டியவை பிரிவதில்லை. உலர்த்தும் முன் அளவு, பின் அளவு இரண்டையும் எழுதாத எந்தத் தொகுதியையும் நம்ப மாட்டேன். இன்று: முன் 171 நா.மீ., பின் 184.

மார்ச் 12

துகளிலிருந்து மருந்து எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்று பார்க்கும் வெளியீட்டுச் சோதனை. டயாலிசிஸ் பை (மருந்தை விட்டு, துகளைத் தடுக்கும் சவ்வுப் பை), பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) pH 7.4, வெளிவந்த குர்குமினைக் கரைத்து வைக்க ட்வீன் 80 அரை சதவீதம், 37 டிகிரி, இருட்டில். பக்கத்திலேயே துகள் இல்லாத வெறும் குர்குமினோடு ஒரு பை கட்டாயம். இந்த pH-ல் குர்குமின் வேகமாகச் சிதையும். வளைவு பாதியில் படுத்தால் மருந்து வெளிவரவில்லையா, வந்து அழிந்ததா என்று வெறும் பைதான் சொல்லும். பையின் சவ்வே எவ்வளவு தாமதிக்கிறது என்பதும் அதில் தெரியும்.

முதல் மணியில் 14 சதவீதம். மேற்பரப்பில் ஒட்டியதா, கண்ணில் படாத படிகமா? மறுபடியும் ஸ்லைடு.

மார்ச் 13

24 மணி நேரத்தில் வெளிவந்தது: 33 சதவீதம்.

48 மணிக்கான மாதிரி நாளை காலை 10-க்கு. அதன்பின் பையை வெட்டி உள்ளே மிஞ்சியதையும் கரைத்து அளக்க வேண்டும். வந்தது, இருப்பது, சிதைந்தது மூன்றும் கூடி போட்ட அளவுக்கு நிகராகணும். ட்வீன் தீர்ந்துகொண்டிருக்கிறது, காலையிலேயே வாங்கி வைக்கணும்.