பெரிய அத்தைக்கு என்ன நோய்?

என் மார்பில் ஒரு சின்னக் கட்டி. ஊசி மூலம் எடுத்துச் சோதித்ததில் வெறும் நீர்க்கட்டி என்று வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் விடவில்லை. "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" அம்மா வழியில் இல்லை என்றேன். "அப்பா வழியில்?" அதுவும் கணக்கில் சேரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வருமாம். தனக்கு நோய் வராமலே ஓர் ஆண் அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

அப்பா இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் சின்ன அத்தையிடம் போனில் கேட்டேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு?" என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் நேரில் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். தம்பியின் காதுகுத்துப் படத்தில் பெரிய அத்தை மொட்டைத் தலையோடு நிற்கிறார். திருப்பதி வேண்டுதல் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் 43 வயதில் இறந்தது மஞ்சள் காமாலையில் என்றும்.

"அத்தை, இது வேண்டுதல் மொட்டையா?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மருந்து ஏத்துனாங்க. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. சினைப்பையில கட்டி, வயித்துல நீர் கோத்துக்கிச்சு. வெளியில சொன்னா நம்ம வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா, சொல்லு?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் நிஜம். ஆனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே, முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் 1954-இல் தொடங்கியதுதான் என்று அத்தையிடம் சொன்னேன். "அந்தம்மாவோட தங்கச்சிக்கா?" என்று நிமிர்ந்தார். அப்புறம் நிறையப் பேசினார்.

இதில் ஒன்று கற்றுக்கொண்டேன். நோயின் பெயரைக் கேட்டால் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்களா, எந்த ஊர் ஆஸ்பத்திரி, அப்போது உங்கள் பையன் எத்தனையாவது படித்தான் என்று கேட்டால் எல்லாம் வருகிறது. பையனின் வகுப்பை வைத்து நோய் வந்த வயதைக் கணக்குப் போட்டுவிடலாம். டாக்டருக்கு அந்த வயதுதான் ரொம்ப முக்கியம்.

மரபணு ஆலோசகர் குடும்ப வரைபடம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சித்தப்பா கட்டியது சொந்த அத்தை மகளை என்றதும் அங்கே இரட்டைக் கோடு. நோய் வந்தவர்களின் வட்டத்தில் மை தீட்டினார். யாருக்காவது நோய் வந்து இப்போது உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் சோதனை, எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும் என்றார். சித்தப்பா மகளுக்கு மூன்று வருடம் முன்பு மார்பில் ஆபரேஷன் நடந்ததையும் சின்ன அத்தைதான் சொல்லியிருந்தார். அந்த அக்காவைப் போனில் கூப்பிட்டேன். வெகுநேரம் அழுதார். மகளுக்கு வரன் பார்ப்பதால் யாரிடமும் சொல்லவில்லையாம். அந்த மகளுக்காகவே ரத்தம் கொடுக்கச் சம்மதித்தார்.

அவருக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் மாற்றம் இருந்தது. மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் அது. அது அப்பாவிடமும் இருந்திருந்தால் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "ஆம்பளைக்கு எதுக்குக்கா?" என்றவனை வற்புறுத்தித்தான் கூட்டிப்போனேன். எனக்கு இல்லை. அவனுக்கு இருக்கிறது. அவன் மகளுக்கு இப்போது 9 வயது. அவள் வளர்ந்து பெரியவளான பிறகு, அவளே முடிவுசெய்து சோதித்துக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர்.

போன வாரம் சின்ன அத்தை தானாகவே போன் செய்தார். தானும் ரத்தம் கொடுக்க வேண்டும், எங்கே வரட்டும் என்றார். வைக்கப் போனவர் நிறுத்தி, "எங்க அப்பாயிக்கும் மார்ல ஆறாத புண்ணு இருந்துச்சு. அதையும் அந்தப் படத்துல எழுதிக்கச் சொல்லு" என்றார்.